வயது கூடக் கூட எலும்பு என்ன ஆகிறது? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் வித்தியாசம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலும்பு வளர்ந்து முடிந்ததும் அப்படியே இருந்துவிடுமா?

இல்லை. இருபது வயதில் உங்களிடம் இருந்த எலும்பில் பெரும்பகுதி நாற்பது வயதில் இருக்காது. பழையதைக் கரைக்க ஒரு வகை செல், புதிதாகக் கட்ட இன்னொரு வகை செல் என்று எலும்புக்குள் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. கரைப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட், கட்டுபவை ஆஸ்டியோபிளாஸ்ட். ஓரிடத்தைக் கரைக்க இரண்டு மூன்று வாரம் போதும். அந்தக் குழியை நிரப்ப மூன்று நான்கு மாதம் ஆகும். இந்த நேர வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

இரண்டு வகைச் செல்களுக்கும் எங்கே வேலை என்று சொல்வது ஆஸ்டியோசைட் என்ற மூன்றாவது வகை. எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கும் இவைதான் எலும்புச் செல்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல். எங்கே அழுத்தம் விழுகிறது, எங்கே நுண்ணிய விரிசல் விட்டிருக்கிறது என்று உணர்ந்து தகவல் கொடுப்பது இவற்றின் வேலை.

எலும்பு எதனால் ஆனது? கால்சியம் மட்டும்தானா?

எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. மீதி கொலாஜன் என்ற புரத நாரும் தண்ணீரும். விறைப்பைத் தருவது தாது. முறியாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்க வைப்பது கொலாஜன். "கால்சியம் இருந்தால் எலும்பு பலமாக இருக்கும்" என்பது பாதி உண்மைதான். கொலாஜன் கெட்டுப்போனால் எவ்வளவு தாது இருந்தும் எலும்பு நொறுங்கும்.

அமைப்பிலும் இரண்டு வகை உண்டு. வெளியே கெட்டியான புற எலும்பு; மொத்த எலும்பு எடையில் 80% இதுதான். உள்ளே, முக்கியமாக முதுகெலும்பிலும் நீண்ட எலும்புகளின் முனைகளிலும், மெல்லிய சட்டங்கள் பின்னிக்கிடக்கும் பஞ்சு எலும்பு. எடையில் சிறியதாக இருந்தாலும் இதன் பரப்பு மிகப் பெரியது. கரைக்கும் செல்கள் பரப்பில்தான் வேலை செய்யும். அதனால் எந்த இழப்பும் முதலில் தெரிவது பஞ்சு எலும்பில்தான்.

ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் எலும்பில் வித்தியாசம் உண்டா?

சொல்லும்படியாக இல்லை. பருவமடையாத ஒரு குழந்தையின் எலும்புக்கூட்டைப் பார்த்து அது ஆணா பெண்ணா என்று தடயவியல் நிபுணர்களால்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. மரபணுச் சோதனைதான் கைகொடுக்கும். வளர்ந்தவர் என்றால் கூபக எலும்பை (இடுப்பைச் சுற்றியுள்ள எலும்பு வளையம்) பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆக, இந்த வித்தியாசங்களில் பெரும்பகுதி பருவ வயதில் உருவாவதுதான்.

குழந்தைகளின் எலும்பு வளையும் என்கிறார்களே?

ஆமாம். அதில் தாது கொஞ்சம் குறைவு, நுண்துளைகள் அதிகம், மேலே போர்த்தியிருக்கும் சவ்வு தடிமன். அதனால் பச்சைக் கொம்பை ஒடித்தால் ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் முறியும். மருத்துவர்கள் இதைப் பசுங்கொம்பு முறிவு என்பார்கள். சீக்கிரம் கூடியும் விடும்.

அப்படியென்றால் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள் ஏன் அடிக்கடி மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறார்கள்?

குறும்பு ஒரு காரணம்தான், ஆனால் முழுக்காரணம் அல்ல. பருவ வயதில் எலும்பு முதலில் நீளுகிறது. தாது அதில் வந்து சேர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பிந்துகிறது. இந்த இடைவெளியில் எலும்பு நீளமாக இருக்கும், ஆனால் அதற்கேற்ற பலம் வந்திருக்காது. பெண்களுக்கு இது 11, 12 வயதிலும், பையன்களுக்கு 13, 14 வயதிலும் வரும். முறிவுகள் கூடுவதும் சரியாக அந்த வயதுகளில்தான்.

தாது சேர்வது உச்சத்தில் இருக்கும் காலம் பெண்களுக்குச் சுமார் பன்னிரண்டரை வயது, பையன்களுக்குச் சுமார் 14. அதைச் சுற்றியுள்ள இரண்டே வருடத்தில், வளர்ந்தபின் இருக்கப்போகும் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. பெற்றோர் பலரும் இந்த வயதில் மதிப்பெண்ணைத்தான் கவனிக்கிறார்கள். பிள்ளை ஓடி ஆடுகிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்பதையும் அதே அக்கறையோடு பார்க்கலாம்.

பெண் பிள்ளைகளின் உயரம் ஏன் முதலில் நின்றுவிடுகிறது?

நீண்ட எலும்புகளின் முனையில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அது எலும்பாக மாறி மூடிவிட்டால் அப்புறம் உயரம் கூடாது. மூட வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். பெண்களுக்கு அது முன்னதாகவே அதிகமாகச் சுரப்பதால் தட்டுகளும் முன்னதாக மூடுகின்றன.

ஆண்களுக்கும் மூட வைப்பது ஈஸ்ட்ரோஜன்தான்! ஆண் உடலில் டெஸ்டோஸ்டீரானில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அதுதான் இந்த வேலையைச் செய்கிறது. 1994-இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை இதைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டியது. 28 வயது ஆண் ஒருவருக்குப் பிறவியிலேயே ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பி வேலை செய்யவில்லை. டெஸ்டோஸ்டீரான் சரியாகவே இருந்தது. உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். எக்ஸ்ரேயில் அவர் எலும்பின் வயது 15 என்று தெரிந்தது. எலும்பு அடர்த்தியோ மிகவும் குறைவு. ஈஸ்ட்ரோஜன் பெண்களின் எலும்புக்கு மட்டும்தான் தேவை என்று அதுவரை இருந்த நினைப்பை அந்த ஒரே மனிதர் மாற்றினார்.

ஆணின் எலும்பு பெண்ணின் எலும்பைவிட அடர்த்தியானதா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய வித்தியாசம் அளவில்தான், அடர்த்தியில் இல்லை. இளம் வயதில் ஒரு கன சென்டிமீட்டர் எலும்பை எடுத்து நிறுத்தால் இருபாலருக்கும் ஏறத்தாழ ஒரே எடைதான் வரும்.

பின்னே ஸ்கேனில் ஏன் ஆண்களுக்கு எண் கூடுதலாக வருகிறது என்றால், அது ஸ்கேன் அளக்கும் விதம். எலும்பு அடர்த்தியை அளக்க எடுக்கும் டெக்ஸா ஸ்கேன் எலும்பைத் தட்டையான நிழலாகத்தான் பார்க்கிறது. ஆழம் அதற்குத் தெரியாது. ஒரே பொருளால் ஆன இரண்டு கனசதுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் பக்கம் 1 செ.மீ., இன்னொன்றின் பக்கம் 2 செ.மீ. முதலாவதன் எடை 1 என்றால் இரண்டாவதன் எடை 8. நிழலின் பரப்பு முறையே 1, 4. வகுத்துப் பார்த்தால் முதலாவதற்கு 1, இரண்டாவதற்கு 2. பொருள் ஒன்றுதான், ஆனால் பெரியது இருமடங்கு அடர்த்தி போலத் தெரிகிறது. உடல்வாகு சிறிதாக உள்ள பெண்களைப் பார்த்து "எலும்பு வீக்" என்று அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அளவு பெரிதாக இருந்தால் மட்டும் பலம் கூடிவிடுமா?

கூடும், நினைப்பதைவிட அதிகமாகவே. பருவ வயதில் பையன்களுக்கு எலும்பின் வெளிப்பக்கத்தில் புதிய எலும்பு படிகிறது. பெண் பிள்ளைகளுக்கு ஈஸ்ட்ரோஜன் வெளிப்பக்கப் படிவை மட்டுப்படுத்தி, உட்பக்கத்தில் படிய வைக்கிறது. சேரும் எலும்பு எவ்வளவு என்பதைப் போலவே எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம்.

ஒரு குழாய் எலும்பின் வெளி ஆரம் 12 மி.மீ., உள் ஆரம் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு எலும்பைக் கொஞ்சமும் கூட்டாமல் சற்று வெளியே தள்ளி வைத்து வெளி ஆரத்தை 13 ஆக்கினால், உள் ஆரம் 7.8 ஆகிவிடும், சுவர் 6 மி.மீ.யிலிருந்து 5.2-க்கு மெலிந்துவிடும். இருந்தாலும் வளையாமல் நிற்கும் விறைப்பு 28% கூடுகிறது. வளைத்து முறிக்கத் தேவையான விசை 18% கூடுகிறது. விறைப்பு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால் வரும் விளைவு இது. ஒரு கிராம் எலும்புகூடக் கூடவில்லை!

ஆண்களுக்குப் பருவம் சுமார் இரண்டு வருடம் தாமதமாக வருவதும் சேர்ந்துகொள்கிறது. அந்த இரண்டு வருடமும் எலும்பு வளர்ந்துகொண்டே இருக்கிறது. தசை கூடுதலாக இருப்பதால் எலும்பை இழுக்கும் விசையும் கூடுதல். இதெல்லாம் சேர்ந்துதான் ஆணின் எலும்பு அகலமாகிறது.

எலும்பு உச்சத்தில் இருப்பது எந்த வயதில்?

இருபதுகளில். 18–20 வயதுக்குள் ஏறத்தாழ 90% சேர்ந்துவிடும். உச்சம் எவ்வளவு உயரம் போகும் என்பதில் 60–80% பங்கு மரபுக்கு. "அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்தது" என்று நீங்கள் சொன்னால் மருத்துவர் காது கொடுத்துக் கேட்பது அதனால்தான்.

கர்ப்பமும் தாய்ப்பாலும் எலும்பை உருக்கிவிடுமா?

தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் முதுகெலும்பு அடர்த்தி சில சதவீதம் குறைவது உண்மை. ஆனால் பால் நிறுத்தியபின் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடுகிறது. "நாலு பிள்ளை பெற்றதால்தான் எலும்பு போச்சு" என்பதற்கு ஆதாரம் இல்லை. வயது வந்தவர்களில் இழந்த எலும்பு இவ்வளவு முழுமையாகத் தானே திரும்பும் சந்தர்ப்பம் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

இளம் பெண்களில் உண்மையாகவே கவலைப்பட வேண்டியது வேறொன்று. சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்து, பயிற்சியை மிகவும் கூட்டி, மாதவிடாயே நின்றுபோகும் நிலை. அங்கே ஈஸ்ட்ரோஜன் இல்லை. எலும்பு சேர வேண்டிய வயதில் கரைகிறது.

மாதவிடாய் நின்றபின் எலும்புக்குள் என்ன நடக்கிறது?

1941-இல் புல்லர் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவர், எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) பாதித்த பெண்களில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்றவர்கள் என்பதைக் கவனித்து ஈஸ்ட்ரோஜனோடு முடிச்சுப் போட்டார். ஏன் என்று புரியப் பின்னர் பல பத்தாண்டுகள் ஆயின.

ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை கரைக்கும் செல்களின் எண்ணிக்கையும் ஆயுளும் கட்டுக்குள் இருக்கும். அது குறைந்ததும் அவை அதிகம் பிறக்கின்றன, அதிக நாள் வாழ்கின்றன, ஆழமாகத் தோண்டுகின்றன. கரைக்கும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது. கட்டும் வேகமும் கூடத்தான் செய்கிறது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. கரைக்க வாரங்கள், கட்ட மாதங்கள் என்று மேலே சொன்னேனே, இந்தக் கட்டத்தில் நிரம்பாத குழிகள் எலும்பெங்கும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கின்றன.

இந்த இழப்பு மாதவிடாய் நின்ற பிறகுதான் தொடங்கும் என்றில்லை. கடைசி மாதவிடாய்க்குச் சுமார் ஒரு வருடம் முன்பே வேகமெடுக்கிறது. அப்போதிலிருந்து மூன்று வருடத்துக்கு முதுகெலும்பில் வருடத்துக்கு 2%-க்கு மேல் போகும். அப்புறம் வேகம் குறையும், ஆனால் நிற்காது. சினைப்பைகளை இளம் வயதிலேயே அகற்றியவர்களுக்கும், 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களுக்கும் இந்தக் கடிகாரம் முன்பே ஓட ஆரம்பித்துவிடுகிறது. அவர்கள் மருத்துவரிடம் எலும்பைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். தானாகச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆண்களுக்கும்தானே வயதாகிறது? அவர்களுக்கு ஏன் இவ்வளவு பாதிப்பு இல்லை?

பாதிப்பு உண்டு, விதம் வேறு. ஆண்களுக்கு பஞ்சு எலும்பின் சட்டங்கள் பெரும்பாலும் மெலிகின்றன. பெண்களுக்கோ, ஆழமாகத் தோண்டப்படுவதால் பல சட்டங்கள் முற்றிலும் அறுந்துவிடுகின்றன. ஏணியில் எல்லாப் படிகளும் சற்று மெலிவது வேறு, நடுவில் இரண்டு படி கழன்று விழுவது வேறு. போன எடை ஒன்றாகவே இருக்கலாம், பலம் ஒன்றல்ல. அறுந்த சட்டத்தின் மேல் புது எலும்பு படிய இடமும் இல்லாமல் போகிறது.

கூடவே, உள்ளே கரையக் கரைய வெளியே கொஞ்சம் படிந்து எலும்பு அகலமாவது இருபாலருக்கும் உண்டு. மேலே போட்ட குழாய்க் கணக்குப்படி, இது இழப்பை ஓரளவு ஈடுகட்டும். ஆண்களுக்கு அந்த ஈடு கூடுதலாகக் கிடைக்கிறது.

ஆனாலும் 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கும் மீதி வாழ்நாளில் எலும்புப்புரையால் முறிவு வரும் என்பது உலகளவிலான மதிப்பீடு. ஐந்தில் ஒருவர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. இடுப்பு முறிந்தபின் முதல் வருடத்தில் இறப்பவர்களின் விகிதம் பெண்களைவிட ஆண்களில் அதிகம். நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, மிதமிஞ்சிய குடி, டெஸ்டோஸ்டீரான் குறைவு, புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை, இவையெல்லாம் ஆண்களின் எலும்பை உருக்குபவை. "இது பொம்பளைங்க வியாதி" என்று தள்ளிவிடுவதால் ஆண்களில் இது தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது.

ஸ்கேனில் டி-ஸ்கோர் -2.5 என்று வந்திருக்கிறது. என்ன அர்த்தம்?

ஆரோக்கியமான இளம் பெண்களின் சராசரியோடு உங்கள் எலும்பை ஒப்பிட்ட எண் அது. -1 வரை இயல்பு, -1-க்கும் -2.5-க்கும் இடையில் என்றால் அடர்த்திக் குறைவு, -2.5-உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த எல்லை இது. ஆண்களுக்கும் பொதுவாக இளம் பெண்களின் சராசரியையே அளவுகோலாக வைக்கிறார்கள். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் டி-ஸ்கோர் பொருந்தாது. அவர்களை அதே வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும்.

எண் நன்றாக இருந்தும் எலும்பு முறிகிறதே?

முறியும். மொத்த முறிவுகளில் பாதிக்கு மேல் -2.5-ஐத் தொடாதவர்களுக்குத்தான் வருகின்றன. அடர்த்தி எண்ணில் அடங்காத விஷயங்கள் பல. வயதாக ஆகப் புற எலும்பில் நுண்துளைகள் பெருகுகின்றன. கொலாஜன் நார்களுக்கிடையே சர்க்கரையால் உண்டாகும் தேவையற்ற பிணைப்புகள் சேர்ந்து அவற்றை விறைப்பாக்குகின்றன. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு அடர்த்தி நன்றாகத் தெரிந்தும் முறிவு கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு காரணம். நுண் விரிசல்களும் சரிசெய்யப்படாமல் தேங்குகின்றன. அதனால் ஸ்கேனில் ஒரே எண் வந்தாலும் 50 வயதுக்காரரைவிட 80 வயதுக்காரருக்கு ஆபத்து பல மடங்கு. அது மட்டுமில்லை, அவர் விழவும் அதிகம் வாய்ப்பு. என்னைக் கேட்டால், எழுபதைத் தாண்டியவரின் டி-ஸ்கோரைப் பார்ப்பதற்கு முன் அவர் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுகிறாரா என்று பார்ப்பேன்.

ஐம்பதுகளில் மணிக்கட்டு, எழுபதுகளில் இடுப்பு. ஏன் இப்படி?

விழும் விதம் மாறுகிறது. ஐம்பதுகளில் முன்னால் தடுக்கி விழும்போது கையை நீட்ட நேரம் இருக்கிறது. அடி மணிக்கட்டில் விழுகிறது. வயது கூடும்போது நடை மெதுவாகிறது, உடல் பக்கவாட்டில் சரிகிறது, கை நீட்டும் வேகமும் இல்லை. முழு எடையும் இடுப்பின் பக்கத்தில் இறங்குகிறது. ஐம்பதுகளில் சும்மா நின்ற நிலையில் விழுந்து மணிக்கட்டு முறிந்தால், கட்டுப் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். அப்போதே எலும்பைப் பரிசோதித்தால் பிற்காலத்து இடுப்பு முறிவைத் தடுக்க வாய்ப்பு இருக்கிறது.

உயரம் குறைந்துவிட்டது. வயதானால் சகஜம்தானே?

ஓரிரு சென்டிமீட்டர் என்றால் சரி. இளமையில் இருந்ததைவிட 4 செ.மீ. அல்லது அதற்கு மேல் குறைந்தால் முதுகுத் தண்டிலுள்ள முள்ளெலும்பு நசுங்கியிருக்கலாம். இப்படி நசுங்குவதில் மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே நடந்துவிடுகிறது. வலி வந்தாலும் "முதுகு பிடித்துக்கொண்டது" என்று தைலம் தேய்த்து முடித்துவிடுகிறோம். பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று எடுத்தால் தெரிந்துவிடும்.

முட்டி வலிக்கிறது. எலும்பு பலவீனமாகிவிட்டதா?

பெரும்பாலும் தொடர்பில்லை. முட்டி வலி குருத்தெலும்புத் தேய்மானம். எலும்புப்புரை முறியும் வரை வலிக்காது.

எந்த உடற்பயிற்சி எலும்புக்கு நல்லது?

எடை தாங்குவதும் அதிர்வு தருவதும். நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு நல்லவை, ஆனால் எலும்புக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. டென்னிஸ் விளையாடுபவர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கையைவிடத் தடிமனாக இருக்கும். பருவமடைவதற்கு முன்பே ஆடத் தொடங்கியவர்களுக்கு அந்த வித்தியாசம் இன்னும் அதிகம். எதிர்ப்பக்கத்து உதாரணம் விண்வெளி வீரர்கள். எடையே இல்லாத இடத்தில் அவர்கள் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1–1.5% கரைகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு வருடத்தில் போவது அவர்களுக்கு இரண்டு மாதத்தில் போய்விடுகிறது.

நடுத்தர வயதுக்குப் பிறகு பயிற்சியால் கூடும் அடர்த்தி ஓரிரு சதவீதம்தான். அதற்காக விட்டுவிடக்கூடாது. சமநிலையும் கால் பலமும் தரும் பயிற்சிகள் முதியவர்கள் விழுவதை ஏறத்தாழ கால் பங்கு குறைக்கின்றன. ஏற்கெனவே முள்ளெலும்பு நசுங்கியவர்கள் மட்டும் குனிந்து பளு தூக்குவதைத் தவிர்த்து, தெரிந்தவர் மேற்பார்வையில் செய்வது நல்லது.

கால்சியம் மாத்திரை போட்டால் போதுமா?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். உணவிலேயே கிடைத்தால் அதுவே நல்லது. குறைபாடு இல்லாதவர் மாத்திரை விழுங்கினால் முறிவு குறைவதாகத் தெரியவில்லை. வைட்டமின் டி குறைபாடு உள்ளவருக்கு அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். அது இல்லாமல் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது.

எலும்புப்புரை வந்துவிட்டது என்றால் மருந்து வேறு. கரைக்கும் செல்களை அடக்குபவை சில, புது எலும்பு கட்டத் தூண்டுபவை சில. இவற்றில் டெனோசுமாப் என்ற ஊசியைப் பற்றி ஒரு எச்சரிக்கை: ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்த ஊசியை நீங்களாக நிறுத்தினால் அடங்கியிருந்த கரைப்பு ஒரேயடியாகத் திரும்பி, அடுத்தடுத்து முள்ளெலும்புகள் நசுங்கலாம். நிறுத்துவதாக இருந்தால் அதற்குப் பதில் வேறு மருந்து எழுதி வாங்கிக்கொண்டுதான் நிறுத்த வேண்டும்.

யார், எப்போது ஸ்கேன் எடுக்க வேண்டும்?

பெண்கள் 65 வயதில் எடுப்பது பொதுவான பரிந்துரை. சீக்கிரமே மாதவிடாய் நின்றவர்கள், மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், பெற்றோரில் ஒருவருக்கு இடுப்பு முறிந்தவர்கள், மிகவும் ஒல்லியானவர்கள் முன்பே எடுக்கலாம். ஐம்பதுக்கு மேல் லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர், ஆணோ பெண்ணோ, வயதைப் பார்க்காமல் எடுக்க வேண்டும். மறுமுறை எடுக்கும்போது முடிந்தவரை அதே இயந்திரத்தில் எடுங்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் எண் சற்று மாறும். அந்த மாற்றத்தை எலும்பு கரைந்ததாகவோ கூடியதாகவோ தவறாக எடுத்துக்கொள்ள நேரும்.